வன்னியில் நெல்லும் உண்டு, வறுமையும் உண்டு. ஏன்?

அக்கராயன் ரீச்சர் எழுதியது:

வணக்கம். இந்த இழையைத் தொடங்கக் காரணம் ஒரு கணக்கு. 2016ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் இலங்கையின் வறுமை வீதம் நூற்றுக்கு 4.1. கிளிநொச்சியில் 18.2, முல்லைத்தீவில் 12.7. நாட்டிலேயே ஆகக் கூடிய வீதம் கிளிநொச்சிக்குத்தான். அதே கிளிநொச்சி தன் தேவைக்கு மேலாக நெல் விளைவிக்கிற மாவட்டம். மாசி, பங்குனியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போனால் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும்.

இதற்கு வழக்கமாக இரண்டு விடை சொல்வார்கள். "வரண்ட வலயம், தண்ணீர் இல்லை" என்பது ஒன்று. "போர்" என்பது மற்றது. இரண்டையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொலன்னறுவையும் வரண்ட வலயத்தில்தான் இருக்கிறது, அங்கே இந்த அளவு வறுமை இல்லை. போர் நடந்த யாழ்ப்பாணத்தின் வறுமை வீதம் அதே கணக்கெடுப்பில் கிளிநொச்சியின் பாதிக்கும் குறைவு. ஆகவே இந்த இரண்டு விடைகளோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வன்னி இப்படி ஆனதில் நிலத்தின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப் பகுதி எல்லாவற்றையும் வன்னி என்றே எடுத்துக்கொள்வோம். எல்லைச் சண்டை இங்கே வேண்டாம்.

கருங்கல் எழுதியது:

ரீச்சர், நிலத்துக்குக் கீழே இருந்து தொடங்கலாமா? நிலத்தடி நீர்தான் என் வேலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழை விழுந்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருக்கும். அதனால்தான் அங்கே வளவுக்கு ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி வெங்காயமும் புகையிலையும். ஆனையிறவு தாண்டினால் பூநகரி, பரந்தன் பக்கம் அந்தக் கல் கொஞ்சம் தொடரும். அதற்குத் தெற்கே மிகப் பழைய பளிங்குருப் பாறை. மேலே செங்கபில மண், கொஞ்ச ஆழத்திலேயே கல். பாறை வெடிப்புகளில் தங்கியிருப்பது மட்டும்தான் நிலத்தடி நீர். ஆடி, ஆவணியில் பல கிணறுகளின் அடி தெரிந்துவிடும்.

மழை குறைவு என்ற பேச்சும் பாதிதான் சரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் விழுகிறது. லண்டனில் விழுவது இதில் அரைவாசிதான். சிக்கல் எங்கே என்றால், ஐப்பசியில் தொடங்குகிற வடகீழ்ப் பருவம் மூன்று நான்கு மாதத்துக்குள் பெரும்பங்கைக் கொட்டி முடித்துவிடும். பிறகு சித்திரையில் கொஞ்ச மழை, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை மிச்ச மாதங்களுக்கு எங்காவது வைத்திருக்க வேண்டும். பாறைக்குள் இடமில்லை, ஆகவே தரைக்கு மேலே வைக்கிறோம். அதுதான் குளம். தரை மெல்லச் சரிந்து போவதால் நீளமான மண்ணணை ஒன்று போதும், மலைநாட்டில் போல உயரக் கட்டத் தேவையில்லை. அதே சரிவுதான் குளத்தை அகலமாகவும் ஆழமில்லாமலும் ஆக்குகிறது. சோளகக் காற்று (தென்மேல் காற்று) வீசத் தொடங்கினால் கண் முன்னே நீர்மட்டம் இறங்கும்.

பொலன்னறுவையைக் கேட்டீர்கள். அங்கே மகாவலி போகிறது, அதாவது மலைநாட்டு மழையும் சேர்ந்து கிடைக்கிறது. கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு, பேராறு முத்தையன்கட்டுக்கு, பாலியாறு வவுனிக்குளத்துக்கு என்று நம்முடைய ஆறுகள் வன்னி மழையைத்தான் வன்னிக் குளத்துக்குக் கொண்டுவருகின்றன. விலக்கு மன்னாரின் கட்டுக்கரைக்குளம். அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து அதற்குள் விடுகிறார்கள். மற்றக் குளங்களுக்கு ஒரு மாரி பொய்த்தால் கேட்க வேறு ஆறில்லை.

வட்டக்கச்சிப் பேரன் எழுதியது:

கருங்கல் அண்ணையின் விளக்கம் நல்லது. ஆனால் அதே பாறையும் அதே மழையும் இருந்த வன்னி ஒரு காலத்தில் ஆட்கள் நிறைந்தும், இன்னொரு காலத்தில் வெறும் காடாகவும் இருந்திருக்கிறதே?

1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதற்குப் பிறகு வந்த நூறு வருசத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வன்னிமைகள் (வன்னிச் சிற்றரசுகள்) போயின. 1832இல் இராசகாரியம் ஒழிந்தது. கூலியில்லாத கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதுதான், ஆனால் மாரிக்கு முன் குளக்கட்டைத் திருத்த அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடும் வரவில்லை. உடைந்த குளத்தில் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றால் நுளம்பு. நுளம்பு வந்தால் மலேரியா. ஆள் குறைய இன்னும் குளம் உடையும். இந்த வட்டம்தான் வன்னிக்குக் காட்டுப்பெயர் வாங்கித் தந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வெளியிலிருந்து வந்தன. 1902இல் இரணைமடு வேலை தொடங்கி இருபதுகளின் தொடக்கத்தில் முடிந்தது. 1905இல் ரயில் காங்கேசன்துறை வரை போனது, நடுவில் கிளிநொச்சியையும் தொட்டது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அதன் கீழ் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. நாற்பதுகளின் கடைசியில் நுளம்பைக் கொல்லும் டீடீடீ மருந்து. அது வந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளைகளை வன்னிக்கு அனுப்பத் துணிந்தார்கள். என் அப்பப்பா ஐம்பதுகளில் வடமராட்சியிலிருந்து வந்தவர். அவருக்குப் பிறகு விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்கள்.

நம்முடைய பெருசுகள் இன்றைக்கும் பெருமூச்சு விடுகிற காலம் 1970 முதல் 1977 வரை. அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள், உழவு மெசின் வாங்கினார்கள். 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்ததும் விலை விழுந்தது. அந்த வருசம் வன்னியின் மண்ணுக்கோ மழைக்கோ ஒன்றும் நடக்கவில்லை. கொழும்பில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள், வட்டக்கச்சியில் கட்டி முடியாத வீடுகள் அப்படியே நின்றன.

ஆகவே ரீச்சர், என் விடை: நிலம் என்ன முடியும் என்று சொல்கிறது. எது நடக்கும் என்பதை வேறு ஆட்கள் முடிவெடுக்கிறார்கள். அந்த ஆட்கள் பெரும்பாலும் வன்னியில் இருப்பதில்லை.

மலையாளபுரத்துப் பிள்ளை எழுதியது:

வட்டக்கச்சி அண்ணா, உங்கள் கதையில் நாங்கள் எங்கே?

1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து லொறியிலும் ரயிலிலும் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள். மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தருமபுரம், வவுனியாவின் எல்லைக் கிராமங்கள் எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் பல குடும்பங்களைக் குடியேற்றியது. அதை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்களை நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் எங்களில் பலருக்குக் கிடைத்தது கால் ஏக்கர், அரை ஏக்கர் மேட்டுக்காணி. குளத்துக்குக் கீழே வயல் இல்லை. வாய்க்கால் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது, அதில் எங்களுக்குப் பங்கு கிடையாது.

நிலமும் குளமும் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். இரணைமடுவின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வயலின் பெயர்ப் பட்டியலில் இல்லாத குடும்பத்துக்குக் குளம் நிறைந்தால் என்ன லாபம்? முன்பு கூலி இருந்தது. அருவி வெட்டு (நெல் அறுப்பு), சூடு அடிப்பு (போரடிப்பு), களை எடுப்பு என்று மாசி, பங்குனியில் அம்மாக்கள் உழைத்த காசில் பிள்ளைகளுக்குச் சீருடை வரும். இப்போது வெட்டு மெசின் வந்து ஒரு ஏக்கரை மணித்தியாலக் கணக்கில் முடித்துவிட்டுப் போகிறது. வயல்காரருக்கு அது நல்லது. எங்களுக்கு அந்தக் கூலி போய்விட்டது. தங்கச்சிமார் விடிய ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

மற்றது நுண்கடன். வாசலுக்கு வந்து கொடுத்தார்கள், வாசலுக்கு வந்து வாங்கினார்கள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது முற்றியது. ஏன் கடன் வாங்கினார்கள் என்று திட்டுகிறவர்கள், பெர்மிட் காணியை வைத்து வங்கியில் கடன் எடுக்க முயன்று பார்க்கட்டும். அந்தக் காணியிலும் ஆண் பிள்ளைக்குத்தான் முதலுரிமை என்ற ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது.

18.2 என்பது மாவட்டச் சராசரி, ரீச்சர். அதற்குள் யார் யார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

ஸ்காபரோ கந்தர் எழுதியது:

எல்லாரும் அரசாங்கம், சட்டம் என்று சுற்றுகிறீர்கள். ஒரு உண்மையைச் சொன்னால் கோபிப்பீர்கள். யாழ்ப்பாணத்தான் கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, பட்டை கட்டி இறைத்து, இரண்டு பரப்பில் மூன்று பயிர் எடுத்தான். வன்னியான் பத்து ஏக்கரை வைத்துக்கொண்டு காலபோகம் (மாரி கால நெற்செய்கை) முடிந்ததும் பாலைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். கூத்தும் பொங்கலும் மிச்சம். முயற்சி வேண்டும், அதற்கும் புவியியலா காரணம்?

முள்ளியவளை வாசி எழுதியது:

கந்தர் ஐயா, கோபம் இல்லை. குளத்துக்குக் கீழே கமம் செய்து பார்க்காதவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள்.

கிணறு உங்களுடையது. விடிய நாலு மணிக்கு எழும்பி இறைத்தால் உங்கள் வெங்காயம் வளரும். குளம் ஊருடையது. பங்குனி, சித்திரையில் சிறுபோகத்துக்கு (கோடை கால நெற்செய்கைக்கு) ஒரு கூட்டம் வைப்பார்கள். மாவட்டச் செயலர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார், கமக்காரர் அமைப்புகள் சத்தம் போடும். தண்ணீர் அரைவாசி நிலத்துக்குத்தான் காணும் என்றால் இந்த வருசம் எந்த வாய்க்கால், யாருக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று அங்கேதான் முடிவாகும். அந்தத் தீர்மானத்துக்கு வெளியே நீங்கள் எவ்வளவு முயற்சிக்காரராக இருந்தாலும் துருசை (குளத்து மதகை) உங்களுக்காகத் திறக்க மாட்டார்கள். தனி ஆளாக விதைத்தாலும் நாலு பக்கமும் தரிசு. ஊர் மாடு முழுக்க உங்கள் வயலில்தான் நிற்கும். எனவே சேர்ந்து விதைக்கிறோம், சேர்ந்து வெட்டுகிறோம், சேர்ந்து சும்மா இருக்கிறோம். "படுத்துவிடுவான்" என்று நீங்கள் சொல்கிற அந்த மாதங்களில் வேலி கட்டல், மாட்டுப் பட்டி, தேன், தடி வெட்டு என்று காட்டு வேலை இருந்தது. காட்டைத் தவிர்த்து வன்னிப் பொருளாதாரத்தைக் கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும்.

கூத்தையும் பொங்கலையும் மிச்சம் என்றீர்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை எடுங்கள். முதலில் பாக்குத் தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு. பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அந்தக் கடல் நீரில் விளக்கு எரிப்பார்கள். அங்கே பொங்கல் முடித்துத்தான் நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக்குப் போவது. கடற்கரை ஊர், வயல் ஊர், கடலேரிக் கரை மூன்றும் இல்லாமல் அந்தச் சடங்கு நடக்காது. நெல்லும் மீனும் கைமாறிய வழியிலேயே தீர்த்தமும் போகிறது என்று நான் நினைப்பதுண்டு. கோவலன் கூத்து எங்கள் பக்கம் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கும் அறுவடைக்குப் பிந்திய ஓய்வு மாதங்கள் ஒரு காரணம்.

சாமிகளையும் பாருங்கள். குளக்கட்டில் ஐயனார். காட்டு வழியில் நாகதம்பிரான், புதூரிலும் புளியம்பொக்கணையிலும். மன்னார்க் காட்டுக்குள் மடு மாதா. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்தவர்கள் வைத்த கோயில். மடு மண் பாம்புக் கடிக்கு மருந்து என்று சைவரும் சிங்களவரும்கூட எடுத்துப் போவார்கள். கட்டு உடையும், பாம்பு கடிக்கும் என்ற இரண்டு பயமும் எந்த மதத்தவரையும் விடவில்லை.

இன்னொன்று. 2012 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றரில் 5,83,000 பேர். முல்லைத்தீவு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல், ஆட்கள் 92,000 பேர் அளவில். கால் ஏக்கருக்குள் மூன்று பயிர் எடுக்க வேண்டிய நெருக்கடி எங்களுக்கு இருக்கவில்லை. இப்போது அந்தப் பரப்பும் எங்கள் கையில் இல்லை. போருக்குள் காடேறிய வயல்களில் வன இலாகாக் கல் நிற்கிறது. பெர்மிட்டை இடப்பெயர்வில் தொலைத்தவர்களுக்கு அது தங்கள் காணி என்று காட்டவே வழியில்லை.

ஸ்காபரோ கந்தர் எழுதியது:

சரி, சிறுபோகக் கூட்டக் கதை நியாயம்தான். ஆனால் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது உங்கள் ஆட்கள் மறித்தார்களே? தண்ணீர் இல்லாத சகோதரனுக்குக் குடிக்கவும் தர மாட்டோம் என்பது என்ன பண்பாடு?

வட்டக்கச்சிப் பேரன் எழுதியது:

ஐயா, யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதும் உவர் ஏறியதும் எங்களுக்கும் கவலைதான். அங்கே எங்கள் மாமா, மச்சான்மார் இருக்கிறார்கள். ஆனால் மாரி மழை நிரப்புகிற குளத்தில் சிறுபோகத்துக்கே பாதி நிலத்தைத் தரிசு விடுகிறோம். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்த அந்தத் திட்டம் குழாய் போடும் வேகத்தில் பேசியது. தண்ணீர் குறைந்த வருசத்தில் முதலில் யாருக்கு வெட்டு என்பதைத்தான் கமக்காரர் கேட்டார்கள். கடைசியில் தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். செலவு கூட, மின்சாரமும் கூட. ஆனால் இரண்டு ஊருக்கும் இடையில் இருந்த சண்டையை அது குறைத்தது.

தண்ணீர் கூடினாலும் எங்களுக்குத்தான் அடி. 2018 மார்கழியில் ஒரே இரவு மழையில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளை, பன்னங்கண்டிப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம். கதவை எப்போது திறந்தார்கள் என்பதற்கு விசாரணையே வைத்தார்கள்.

வவுனியாச் சந்தி எழுதியது:

நான் நெல் வியாபாரம் பார்க்கிற ஆள். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

ரீச்சரின் கேள்விக்கு என் பக்கத்து விடை ஈரப்பதன். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் உள்ள நெல்லைத்தான் நிர்ணய விலைக்கு எடுக்கும். 2025 மாசியில் ‘நாடு’ ரக நெல் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தார்கள். முன்பு கையால் வெட்டி, உப்பட்டி (அரிந்த கதிர்) காயவிட்டு, சூடு (கதிர்ப்போர்) வைத்து, ஆறுதலாக அடித்த நெல் தானாகவே காய்ந்திருக்கும். இப்போது வெட்டு மெசின் பச்சை ஈரத்தோடு கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு குளத்துக்குக் கீழே எல்லாரும் சேர்ந்து விதைக்கிறார்கள் என்று முள்ளியவளை அண்ணை சொன்னாரே, அதனால் எல்லா நெல்லும் அதே இரண்டு மூன்று கிழமைக்குள் வெளியே வருகிறது. காயப் போடக் களம் இல்லை. றோட்டில் போட்டால் வாகனம் ஏறும், ஒரு மாசி மழை பெய்தால் முளைக்கும். வீட்டில் அடுக்கி வைக்க அறை இல்லை.

அந்த நேரம் பார்த்து மெசின்காரனுக்குக் காசு, உரக்கடைக் கடன், உழவு மெசின் லீசிங், மனைவியின் அடகு நகை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வயலடிக்கு லொறி வந்து, ஈரத்துக்கு என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்து, கையில் காசு வைத்தால் யார் மாட்டேன் என்பார்? லொறிகளின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். வட மாகாண என்.பி. குறைவு, வடமத்திய மாகாண என்.சி.யும் வடமேல் மாகாண என்.டபிள்யூ.வும் நிறைய. வன்னி நெல் பொலன்னறுவைக்கும் குருநாகலுக்கும் போய், அவிந்து, குற்றி, பொலித்தீன் பையில் பெயர் ஒட்டி, கிளிநொச்சிச் சுப்பர் மார்க்கெட்டுக்குத் திரும்பி வருகிறது. விலை ஏறுகிற ஆறு மாதமும் நெல் இருப்பது அந்த ஊர்க் களஞ்சியங்களில்.

ஏன் ஆலைகள் அங்கே, இங்கே இல்லை என்று கேட்டால் போரைத்தான் சொல்ல வேண்டும். 1990இல் ரயில் நின்றது. கிளிநொச்சிக்கு மறுபடி வந்தது 2013 புரட்டாதியில். ஏ9 வீதி 2002இல் திறந்து 2006இல் மறுபடி மூடியது. சீமெந்து, பற்றரி, எரிபொருள் எல்லாம் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊரில் யார் ஆலை போடுவார்? அந்த இருபது வருசத்தில்தான் மற்ற மாவட்டங்களில் பெரிய ஆலைகள் வளர்ந்தன. வாசலில் இருந்த வவுனியா நகரம் பெருத்தது, உள்ளே இருந்த ஊர்கள் சுருங்கின. எங்கள் நகரத்தின் வளர்ச்சியில் சோதனைச் சாவடிக்கும் பங்குண்டு, அதை மறைக்க ஒன்றுமில்லை.

கருங்கல் எழுதியது:

ஒரு சின்ன இணைப்பு. முன்பு தொழிற்சாலை வந்ததும் நிலத்தை வைத்துத்தான். ஆனையிறவின் ஆழமில்லாக் கடலேரியும் வெயிலும் உப்பு தந்தன, பக்கத்தில் ரயில் பாதை இருந்தது, அதனால் ஐம்பதுகளில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை போட்டு அந்த உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். போரோடு அது போனது. களிமண்ணும் விறகும் இருந்த ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை வந்ததும் அப்படித்தான். நெல்லுக்கு மட்டும் இந்தப் பொருத்தம் வரவில்லை என்பது எனக்கு எப்போதும் புதிர்.

மலையாளபுரத்துப் பிள்ளை எழுதியது:

வவுனியா அண்ணா, களஞ்சியமும் உலர்த்தும் மெசினும் வந்தால் அதில் நெல் வைப்பவர் நெல் உள்ளவர்தானே? இரண்டு கோரிக்கையை நான் வேறாகவே பார்க்கிறேன். ஒன்று வயல்காரருக்கு நல்ல விலை. மற்றது வயல் இல்லாதவருக்கு வேலை. ஆலை இங்கே வந்தால் இரண்டாவதும் நடக்கலாம், அவித்தல், புடைத்தல், பொதி செய்தல் எல்லாம் வேலைதான். களஞ்சியம் மட்டும் கட்டினால் காவலாளி ஒருவருக்குத்தான் வேலை.

முல்லைக் கரையான் எழுதியது:

இவ்வளவு நேரமும் எல்லாரும் குளத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். வன்னிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கடல் இருக்கிறது, தெரியுமா?

முத்தையன்கட்டு வான் பாய்ந்தால் (குளம் நிரம்பி வழிந்தால்) பேராற்றுத் தண்ணீர் நந்திக்கடலுக்குள் வரும். ஏரி முட்டினால் வட்டுவாகலில் முகத்துவாரம் உடையும், அல்லது வெட்டிவிடுவோம். கடல் நீரும் குஞ்சு இறாலும் உள்ளே ஏறும். மேலே எல்லாத் தண்ணீரையும் வயலுக்கு மறித்து, முகத்துவாரம் திறக்காத வருசம் எங்களுக்கு இறால் இல்லை. சிறுபோகக் கூட்டத்தில் இதைச் சொல்ல எங்களில் ஒருவருக்குக் கதிரை போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

2004 சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனது. அடுத்த ஐந்தாவது வருசம் போரின் கடைசி மாதங்கள் அதே கரையில் நடந்தன. படகும் வலையும் இரண்டு தரம் முதலிலிருந்து வாங்கிய ஆட்கள் நாங்கள். இப்போது இந்திய இழுவைப் படகு ஒரு பக்கம். நாயாறு, கொக்கிளாயில் தென்பகுதியிலிருந்து வரும் பருவகால மீனவரோடு கரைவலைப் பாட்டுக்கு (வலை இழுக்கும் இடத்துக்கு) சண்டை இன்னொரு பக்கம்.

வவுனியாச் சந்தி சொன்ன லொறிக் கதைதான் எங்களுக்கும். கரையில் ஐஸ் இல்லாவிட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை. நெல்லை மழை இல்லாவிட்டால் நாலு நாள் றோட்டில் காயப் போடலாம், சூடை மீனை மத்தியானம் வரை வைத்திருக்க முடியாது. இறாலைக் கழுவித் தரம் பிரிக்கிற வேலை, மலையாளபுரத்துத் தங்கச்சி கேட்கிற மாதிரியான வேலைதான். அதுவும் ஊரை விட்டுத்தான் போகிறது.

அக்கராயன் ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விசயம் கேட்டு விடுகிறேன்.

வவுனியாச் சந்தி, உங்கள் பக்கம் பழைய கூட்டுறவு நெல் களஞ்சியங்கள் எத்தனை இன்னும் கூரையோடு நிற்கின்றன? எந்தச் சங்கத்திடம் சாவி இருக்கிறது? கிளிநொச்சிப் பக்கம் சிலது வேறு பாவனைக்குப் போய்விட்டன.

முல்லைக் கரையான் தம்பி, முகத்துவாரம் திறந்த வருசம், திறக்காத வருசம் என்று உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இருந்தால் முத்தையன்கட்டு வான் பாய்ந்த வருசங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முல்லைக் கரையான் எழுதியது:

சங்கக் கொப்பியெல்லாம் 2009இல் போய்விட்டது ரீச்சர். வட்டுவாகலில் பழைய ஆட்கள் மூன்று நாலு பேர் இருக்கிறார்கள், வருசம் வருசமாகச் சொல்வார்கள். ஞாயிறு மாலை வந்தால் கரையில் இருப்பார்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். கருங்கல் அண்ணையையும் வரச் சொல்லுங்கோ, குளத்துக் கணக்கு அவரிடம் இருக்கும்.